பிரதி எடுக்கும் கஜந்தினி

திரையில் பச்சைக் கோடு ஊரத் தொடங்கியதும் கஜந்தினி கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். கணினிக்கு அவருடைய முதுகுதான். "இன்னும் இருபது நிமிசம் எண்டு காட்டும். கொஞ்சத்தால ரெண்டு மணித்தியாலம் எண்டும். அதைப் பாத்துக்கொண்டிருந்தா விசர்தான் வரும்." செருப்பைக் கழற்றி, வீங்கிய கால்களைக் குளிர்ந்த நிலத்தில் வைத்துக் கண்களை மூடுவார். தூங்கிவிட்டார் என்று வேலைக்குக் கூப்பிட்ட கடைக்காரர் நினைப்பார். கணினிக்குள் சுழலும் வட்டின், அதாவது ஹார்ட் டிஸ்க்கின், இரைச்சல் சற்று மாறினால் போதும், கண் திறந்துவிடும்.

ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீடு, பழைய ஸ்கூட்டர். துறைமுகத்தை அண்டிய கணக்காளர் அலுவலகங்கள், மருந்துக்கடைகள், ரியூசன் நிலையங்கள், கப்பல்துறையில் ஒரு அரிசி ஆலை என்று அவரைக் கூப்பிடும் இடங்கள் பல. எங்கும் ஒரே முறைப்பாடுதான்: கணினி நகரமாட்டேன் என்கிறது, புதிதாக வாங்கவும் ஏலாது. கஜந்தினி புதிய வட்டொன்றைக் கொண்டுபோய், பழையதில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே அதற்கு மாற்றிக் கொடுப்பார். "வீடு மாறுற மாதிரித்தான். ஆனா சட்டி பானை எல்லாம் இருந்த தட்டிலயே இருக்கோணும். இல்லாட்டி எனக்குத்தான் பேச்சு விழும்."

ஸ்கூட்டர் சாவியோடு ஒரு கொத்து பென்டிரைவ்களும் தொங்கும். அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் நகப்பூச்சில் ஒரு புள்ளி. உள்ளே இருப்பவை கையளவு மென்பொருள்கள். வட்டில் எது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று காட்ட ஒன்று, மறந்துபோன கடவுச்சொல்லை நீக்க இன்னொன்று, ஒரே கோப்பு பல தடவை கிடந்தால் தேடிப்பிடிக்க வேறொன்று. முழு வட்டையும் பிரதி எடுக்கும் மென்பொருள் சிவப்புப் புள்ளியில். "சின்னச் சாமான்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு வேலை தெரியும், அதைச் செய்யும், போயிடும். கன கதை இல்ல."

கஜந்தினிக்கும் கன கதை இல்லை. "நாங்கள் ஒண்டும் செய்யேல்ல மிஸ், தானா நிண்டிட்டுது" என்று சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. "ஓம், எல்லாருக்கும் தானாத்தான் நிக்கிறது" என்றபடி திருகாணியைக் கழற்றத் தொடங்குவார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, பகிடியும் இல்லை.

பிரதி எடுக்கும் பொத்தானை மட்டும் அவர் தனியாக அழுத்துவதில்லை. வட்டுகளில் ‘பழசு’, ‘புதுசு’ என்று ஒட்டி, திரையிலும் அப்படியே பெயரிட்டு, உரிமையாளரைப் பக்கத்தில் நிறுத்துவார். எதிலிருந்து எதற்குப் போகிறது என்று உரிமையாளர் தன் வாயால் வாசிக்கவேண்டும். சிலர் எரிச்சல்படுவார்கள். "எரிச்சல் பரவாயில்ல, வாசியுங்கோ."

சில வருடங்களுக்கு முன், உட்துறைமுக வீதிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் றிஸ்வியின் கணினியில்தான் இந்தப் பழக்கத்துக்குக் காரணமான பிழை நடந்தது. பழைய வட்டும் புதியதும் ஒரே கொம்பனி, ஒரே அளவு. திரையிலும் ஒரே பெயர். அந்த நேரம் பார்த்து, தன் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கஜந்தினி பொத்தானை அழுத்தினார். கல்யாணப் படங்கள் நிறைந்த வட்டின் மேல் வெறும் வட்டு பிரதியானது.

"கெதியா முடிஞ்சிட்டுது. அவ்வளவு கெதியா முடியாதெண்டு எனக்குத் தெரியும்."

மீட்கும் மென்பொருள்களை மாறி மாறி ஓட்டினார். வந்த படங்கள் பாதிப் படங்கள். நெற்றிச்சுட்டியும் கண்களும் இருக்கும், மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஏற்கனவே தளர்ந்திருந்த வட்டு, பிறகு சுழலவே மறுத்துவிட்டது.

மற்றக் கல்யாணங்களின் அல்பங்களை றிஸ்வி முன்பே கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த ஜெயரூபியின் கல்யாணம் மட்டும். மாப்பிள்ளை கனடா திரும்பிவிட்டார். ஜெயரூபியின் விசா விண்ணப்பத்தோடு அந்தப் படங்கள் போகவேண்டும். கமெராவின் கார்டிலும் வேறொரு கல்யாணம் ஏறிவிட்டது.

"தங்கச்சி, டிஸ்க் மௌத்தாப் போச்சு எண்டு நான் சொல்லிக்கிறன். நீங்க பேசாம இருங்க" என்றார் றிஸ்வி.

"இல்ல நானா. அது சாகேல்ல, நான்தான் மாத்திப் போட்டனான். நானே போய்ச் சொல்லுறன்."

சல்லியில் ஜெயரூபியின் தாய் இராசமலர் வாசலில் நின்றே கேட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. கஜந்தினி சொல்லி முடித்ததும், "பிள்ளை, உமக்கு அது ஒரு பொத்தான். எனக்கு என்ர மகளின்ர கலியாணம்" என்றார். கஜந்தினி கல்யாணத்துக்கு வந்து போனில் படம் எடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டார்.

வேலை முடிந்த பின்னேரங்களில் சல்லிக்கும் நிலாவெளிக்கும் ஸ்கூட்டர் ஓடியது. தெரியாத பெண்ணிடம் போனைக் கொடுக்கப் பலர் தயங்கினார்கள். கிடைத்த படங்களில் பாதி மங்கல். தாலி கட்டும் நேரத்தை யாரோ ஒரு பெரியவரின் முதுகு மறைத்திருந்தது. முன்வரிசையில் நிலத்தில் இருந்த ஒரு சிறுமி எடுத்த படத்தில் மட்டும் மாப்பிள்ளையின் கையும் தாலியும் தெரிந்தன. எல்லாவற்றையும் கோத்து, ஒரே படம் பல தடவை வந்ததை நீக்கி, எடுத்த நேரப்படி அடுக்கிக் கொடுத்தார். விசா வந்தது. ஜெயரூபி போய்ச் சேர்ந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. உண்மையைச் சொன்னதால் கதை பரவி, சில அலுவலகங்கள் கஜந்தினியைக் கூப்பிடுவதை நிறுத்தின. சுவரில் மாட்ட நல்ல படம் ஒன்றுகூட இல்லை என்று இராசமலர் இன்றும் சொல்கிறார். சொன்னால் கஜந்தினி தலையாட்டுவார். "அது உண்மைதானே. நான் என்ன சொல்ல?"

போன மாதம் இராசமலர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஜெயரூபிக்குக் குழந்தை பிறந்திருந்தது. போனின் சின்னத் திரையில் முகம் தெரியவில்லையாம். கஜந்தினி பழைய கணினி ஒன்றைச் சுத்தம் செய்து, கமெரா பூட்டி எடுத்துப் போனார். இதை எழுதுவதற்காக அவரோடு திரிந்த நானும் கூடப் போனேன். இந்த முறை கதிரை போட்டார்கள், அவர் அதில் இருக்கவில்லை.

வீடியோ அழைப்பு எடுபட்டது. திரை நிறையக் குழந்தையின் முகம் வந்ததும் இராசமலர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். படம் உறைந்தது. திரும்ப வந்தது. மறுபடி உறைந்தது.

கஜந்தினி மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். இணைய வயரின் முனையில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. வேறு வயர் கையில் இல்லை. நிலத்தில் இருந்துகொண்டு, வயரைத் துளைக்குள் தள்ளி விரலால் அழுத்திப் பிடித்தார்.

மேலே இராசமலர், குழந்தைக்கு யாருடைய மூக்கு என்று மகளோடு வாதாடிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்பு. தெரிந்தது மேசைக்குக் கீழே, சுவரில் தலையைச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு, விரலை எடுக்காமல் இருந்த கஜந்தினி.