செங்கல் மேல் யாரும் ஓடுவதில்லை

பல்கலைக்கழகத்தின் பெரிய கூடத்துக்குள் சுண்ணாம்பக்கா இருபத்தெட்டு வருஷத்தில் இரண்டு முறைதான் போயிருக்கிறாள். வரக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. அவள் கால் வைத்த இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். கூடத்துக் காவலாளி ஈரத்துணியோடு பின்னாலேயே வருவார். அந்த முணுமுணுப்பைக் கேட்பதைவிட வெளியிலேயே நின்றுவிடலாம்.

கூடத்தின் ஒரு சுவர் முழுக்கப் படங்கள். இங்கே படித்துப் பெரிய ஆளானவர்கள். ஒரு நீதிபதி, ஒரு இதய மருத்துவர், கடலடியில் ஏதோ ஒரு புழுவைக் கண்டுபிடித்து அதற்குத் தன் பெயரையே வைத்துவிட்ட ஒரு விஞ்ஞானி. எதிர்ச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் படம் கிடையாது. ஓட்டத்திலும் தாண்டலிலும் எறிதலிலும் சாதனை செய்த மாணவர்களின் பெயர், பக்கத்தில் நேரமோ தூரமோ, அவ்வளவுதான். படத்தில் இருப்பவர்களை ஊருக்கே தெரியும். பலகையில் இருப்பவர்களைச் சுண்ணாம்பக்காவுக்குத் தெரியும். அவர்கள் ஓடியது அவள் போட்ட கோட்டில்.

மைதானத்தில் கோடு போடுவதுதான் அவள் வேலை. ஓட்டப் பாதையின் எட்டுத் தடங்கள், தொடக்கக் கோடு, முடிவுக் கோடு, குண்டு எறியும் வட்டம், பந்து மைதானத்தின் நான்கு எல்லை எல்லாம் அவள் கைதான். ஒரு இரும்பு அளவு நாடா, ஒரு உருண்டை நூல், ஒரு டப்பா ஆணி, உடைந்த தடை ஓட்ட மரச்சட்டத்திலிருந்து அறுத்து எடுத்த முப்பது சென்டிமீட்டர் குச்சி. இவ்வளவுதான் அவள் ஆயுதம். வெயில் ஏறினால் இரும்பு நாடா நீளும் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தவள். காலை ஏழு மணிக்கு மேல் அளக்கவே மாட்டாள். "இப்ப அளந்தா நாடா பொய் சொல்லும்" என்று சுருட்டி வைத்துவிடுவாள்.

பேச்சு குறைவு. பார்வை அதிகம். ஓடுகிறவர்களின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை, பாதத்தைத்தான் பார்ப்பாள். போட்டி முடிந்த மறுநாள் காலையில் ஆளில்லாத பாதையில் குனிந்து குனிந்து தடம் பார்ப்பாள். யார் வளைவில் பயந்தார்கள், யார் கடைசி இருபது மீட்டரில் கோட்டைவிட்டார்கள் என்று மண் சொல்லிவிடும்.

அந்தப் பலகையில் நானூறு மீட்டர் பெண்கள் ஓட்டத்துக்கு எதிரே ஒரு பெயர் இருபத்திரண்டு வருஷமாக மாறவில்லை. ஐம்பத்தைந்து புள்ளி எட்டு விநாடி. அந்தப் பெண்ணை மைதானத்தில் எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டம் ஒரு பங்கு என்றால் வாய் மூன்று பங்கு. "அக்கா, மூணாவது தடம் இடுப்பு வலிச்ச மாதிரி வளைஞ்சிருக்கு. தூங்கிக்கிட்டே போட்டீங்களா?" என்று தினமும் ஒரு குறை கொண்டுவருவாள். சுண்ணாம்பக்கா பதில் சொல்லாமல் நாடாவை நீட்டுவாள். வாயாடி அளந்து பார்ப்பாள். சரியாக இருக்கும். "இன்னைக்குத் தப்பிச்சீங்க" என்று சொல்லிவிட்டு ஓடப் போவாள். இப்படி மூன்று வருஷம். படிப்பில் இரண்டு பாடம் தவறி, திரும்ப எழுதித் தேறி, இப்போது எங்கேயோ ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

இந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கு எழுபத்தைந்தாவது ஆண்டு விழா. மண் பாதையைத் தோண்டி எடுத்துவிட்டு ரப்பர் பாதை போடப் போகிறார்கள். பழைய பலகைக்குப் பதில் கண்ணாடிப் பலகை. சுண்ணாம்பக்காவின் மகள் பல்கலைக்கழக அலுவலகத்திலேயே தட்டச்சு வேலை பார்க்கிறவள். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லுவேன். கோபப்படக் கூடாது."

"சொல்லு."

"புதுப் பலகைக்குப் பேர் அடிச்சேன். சுத்தி ஓடுற ஓட்டத்துல நம்ம மைதானத்துல ஓடின ஏழு பேர் பேரையும் எடுத்துட்டாங்க. வாயாடி அக்கா பேரும்தான்."

"ஏன்?"

"நம்ம பாதை நானூறு மீட்டர் இல்லையாம். கட்டட இன்ஜினியர் அளந்திருக்காரு. முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு மீட்டர், பதிமூணு சென்டிமீட்டராம். ரெண்டு மீட்டர் குறைய ஓடியிருக்காங்க, அது சாதனையே இல்லைன்னு எழுதிட்டாங்க."

சுண்ணாம்பக்கா அடுப்பை அணைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாதைக்கு உள்விளிம்பாகச் செங்கல் பதித்தபோது, கொத்தனாருக்கு நூல் பிடித்துக் கொடுத்தவள் அவள். அவள் நூலை ஒட்டித்தான் ஒவ்வொரு கல்லும் உட்கார்ந்தது.

"அப்ப ஏழு பேரும் திருட்டு ஓட்டம் ஓடினாங்க. நான் அதுக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன். அப்படித்தானே?"

"உன்னை யாரும்மா சொன்னாங்க?"

"வேற யாரைச் சொன்னாங்க?"

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, திங்கக்கிழமை காலைல தோண்டுற வண்டி வருது. அதுக்கப்புறம் அளக்கப் பாதையே இருக்காது. நீ போய் எதாவது கேட்டு, என் வேலைக்கும் சேர்த்து வினை வந்துடப் போகுது. சும்மா இரும்மா."

டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கும் சுண்ணாம்பக்காவின் கணவர், கையில் ஒட்டிய கறுப்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "அவளைத் தடுக்காதே. வேலை போச்சுன்னா நம்ம கடைக்கு வரட்டும். நான் கறுப்பு, அவ வெள்ளை. பார்க்க நல்லா இருக்கும்."

சுண்ணாம்பக்கா சிரிக்கவில்லை. மகளிடம் வாயாடியின் எண்ணைத் தேடச் சொல்லிக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் வாயாடி குரலைத் தாழ்த்தினாள்.

"எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும்க்கா. இங்க பசங்க நம்பவே மாட்டேங்கிறாங்க, நான் ஓடினேன்னு. உடம்பைப் பார்த்துட்டுச் சிரிக்கிறாங்க. விடுங்க."

"நீ விடு. நான் விட மாட்டேன்."

"எனக்காக நீங்க எதுக்குக்கா..."

"உனக்காக யாரு சொன்னா? அது என் கோடு."

மறுநாள் விளையாட்டுத் துறை இயக்குநரின் அறைக்குப் போனாள். இயக்குநர் நல்ல மனுஷர்தான். எழுந்து நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை.

"அக்கா, அந்தக் காலத்துல வசதி இல்ல. யாரும் உங்களைக் குறை சொல்லல. இன்ஜினியர் அளவுச் சக்கரம் வச்சு உருட்டி அளந்திருக்காரு. அதெல்லாம் கணக்கு, உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"எந்த இடத்துல உருட்டினாரு?"

"எந்த இடத்துலன்னா? பாதையிலதான். மொட்டை மாடியிலயா உருட்டுவாரு?"

பக்கத்து மேஜையில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். சுண்ணாம்பக்காவின் காது சூடாயிற்று. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சொல்ல வந்த பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் சொன்னாள்.

"என் முன்னாடி இன்னொரு தடவை அளங்க."

"திங்கக்கிழமை வண்டி வருதுக்கா. நேரம் இல்ல."

"திங்கக்கிழமை வரைக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவள் நின்ற இடத்தில், இயக்குநரின் நீலக் கம்பளத்தில், இரண்டு வெள்ளைப் பாதம் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் மைதானத்துக்குப் போனாள். செங்கல் விளிம்பிலிருந்து குச்சியை வைத்து, முப்பது சென்டிமீட்டர் வெளியே ஒரு ஆணி. ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு ஆணி. இப்படிப் பாதை முழுக்கச் சுற்றி வந்தாள். முழங்கால் தேய்ந்து எரிந்தது. வெயில் ஏறியும் நிறுத்தவில்லை, சாயங்காலம்தான் முடித்தாள். ஆணி அடிக்க வெயில் ஒரு பொருட்டில்லை, அளக்கத்தான் காலை வேண்டும்.

திங்கள் காலை ஆறு மணிக்குத் தோண்டும் வண்டி வந்தபோது, முடிவுக் கோட்டின் மேல் ஒரு வாளிச் சுண்ணாம்போடு அவள் நின்றாள்.

வண்டி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "அக்கா, நகருங்க."

"கோடு இன்னும் காயல."

"தோண்டப் போற மண்ணுக்கு எதுக்குக்கா கோடு?"

"நீ தோண்டு. காஞ்சதும் தோண்டு."

ஓட்டுநர் சிரித்துவிட்டு வண்டியை அணைத்தார். அவருக்கும் டீ குடிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பயிற்சிக்கு வந்த மாணவர்கள் கூடினார்கள். யாரோ தகவல் சொல்ல, இயக்குநரும் இன்ஜினியரும் அரக்கப் பரக்க வந்தார்கள். அம்மாவின் பின்னாலேயே வந்திருந்த மகள் தூரத்தில் மரத்தடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்னக்கா இது? வேலையைத் தடுத்தா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றார் இயக்குநர்.

"தெரியும். அளந்துட்டா தடுக்க மாட்டேன்."

இன்ஜினியர் இளைஞர். பொறுமையாகவே பேசினார். "அம்மா, நானே விளிம்பை ஒட்டி மூணு தடவை உருட்டினேன். மூணு தடவையும் ஒரே அளவுதான்."

"விளிம்பை ஒட்டியா?"

"ஆமாம். ஓரத்துல ஒரு இஞ்ச் கூட விலகல."

சுண்ணாம்பக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். அதில் இந்த வருஷத்து நானூறு மீட்டர் பெண் நின்றிருந்தாள். வேறு ஊரில் ரப்பர் பாதையில் ஐம்பத்தாறு புள்ளி இரண்டு விநாடியில் ஓடியவள். புதுப் பலகையில் வாயாடியின் இடத்தில் இவள் பெயர்தான் வரப் போகிறது.

"இங்க வாம்மா. செருப்போ ஷூவோ எதுவானாலும் அடியை இந்த வாளியில நனை. செங்கலை எவ்வளவு ஒட்டி ஓட முடியுமோ அவ்வளவு ஒட்டி, முழு வேகத்துல வளைவு ஒண்ணு ஓடு. சுண்ணாம்பு தீர்ந்தா திரும்பி வந்து நனைச்சுக்கோ."

அந்தப் பெண் இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் வானத்தைப் பார்த்தார். அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடினாள். நனைத்து, மீண்டும் ஓடினாள். வளைவு முழுக்க வெள்ளைத் தடங்கள் விழுந்தன. ஒன்றுகூடச் செங்கல் மேல் இல்லை. செங்கலை ஒட்டியும் இல்லை. ஒன்றரைச் சாண் தள்ளி, சுண்ணாம்பக்கா அடித்து வைத்த ஆணி வரிசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விழுந்திருந்தன.

"பார்த்துக்கோங்க" என்றாள் சுண்ணாம்பக்கா. நாக்கு ஒட்டவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "செங்கல் மேல யாரும் ஓட மாட்டாங்க சார். ஓடினா கால் பிசகும். அதான் விளிம்புலருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி அளக்கணும்னு சட்டத்துல இருக்காம். நான் சட்டம் படிக்கல. காலைப் பார்த்தேன். நீங்க செங்கலை அளந்தீங்க. ஓட்டத்தை அளக்கல."

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். கைப்பேசியில் எதையோ தேடினார். தேடிப் படித்தவர் காது மடல் சிவந்தது. "கட்டடம்னா ஓரத்தைத்தான் அளப்போம்..." என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"மணி ஆறே முக்கால். இன்னும் கால் மணி நேரம்தான் நாடா உண்மை பேசும். யாராவது அந்த முனையைப் பிடிங்க."

அந்த ஓட்டக்காரப் பெண்தான் குனிந்து நாடாவின் முனையை எடுத்தாள்.

"உனக்குத்தானே நஷ்டம்?" என்று சுண்ணாம்பக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஓட்டத்துல ஜெயிக்கிறேன்க்கா. ரப்பரால அழிச்சு ஜெயிக்க வேணாம்" என்றாள் அவள். நான்கு விரற்கடை திமிர் கூடத்தான் அந்தப் பதிலில் இருந்தது. சுண்ணாம்பக்காவுக்கு வாயாடியின் ஞாபகம் வந்தது.

ஆணி ஆணியாக நாடா போயிற்று. மாணவர்கள் நாலு பேர் வளைவில் குந்தி நாடாவை ஆணியோடு அழுத்திப் பிடித்தார்கள். இன்ஜினியரே காகிதத்தில் கூட்டினார். கூட்டியதை இன்னொரு முறை கூட்டினார்.

"நானூறு மீட்டர், ரெண்டு சென்டிமீட்டர்."

"அந்த ரெண்டு சென்டிமீட்டர் நான் வேணும்னே விட்டது" என்றாள் சுண்ணாம்பக்கா. "கூட ஓடினாங்கன்னு யாராவது சொல்லட்டும். குறைய ஓடினாங்கன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது." வாளியை எடுத்துக்கொண்டு கோட்டிலிருந்து நகர்ந்தாள். "கோடு காஞ்சிடுச்சு. தோண்டிக்கோ தம்பி."

மரத்தடியில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்தைப் பார்க்க நடந்தாள். ஏழு பெயரையும் மறுபடி அடிக்க வேண்டுமே. இந்த வருஷத்துப் பெண்ணின் பெயர் இனி பலகையில் வராது, அந்த இடத்தில் மறுபடி வாயாடிதான்.

ஆண்டு விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. நீதிபதி வந்திருந்தார். புழு விஞ்ஞானி வந்திருந்தார். கடைசி வரிசையில் வாயாடியும் வந்து, பள்ளியிலிருந்து நான்கு மாணவிகளைச் சாட்சிக்குக் கூட்டிவந்து, கண்ணாடிப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பக்காவுக்கு அழைப்பு வரவில்லை. அவள் அழைப்புக்குக் காத்திருக்கவும் இல்லை. பந்து மைதானத்துக்குக் கோடு போட்டுவிட்டு நேராக வந்தாள்.

காவலாளி வாசலில் மறித்தார். "அக்கா, இன்னைக்காவது காலைக் கழுவிட்டு வரக்கூடாதா? பெரிய மனுஷங்க இருக்காங்க."

"நானும்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். படச் சுவரைத் தாண்டி, பளபளக்கும் தரையில் அடிமேல் அடியாக, பலகை வரைக்கும் வெள்ளையாக ஒரு பாதை விழுந்தது. தலைகள் திரும்பின. அவள் குனியவில்லை. தன் குச்சியை எடுத்து, பலகையின் இரண்டு பக்கத்தையும் தரையிலிருந்து அளந்து பார்த்தாள்.

வாயாடி ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "என்னக்கா, கோணலா?"

"வலப் பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கு" என்றாள் சுண்ணாம்பக்கா, கூடத்துக்கே கேட்கிற மாதிரி. "ஏணி கொண்டாரச் சொல்லு."