ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம்

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் காலையில் பெட்டிக்குக் கரி போட்டு விசிற ஆரம்பித்ததும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவேன். 'புகை வருது தாத்தா' என்று பேத்தி ஜன்னலைச் சாத்த ஓடி வருவாள். வரட்டும், விடு என்பேன். எண்பது வயதுக்காரனுக்கு இவ்வளவு பிடிவாதம்கூட இல்லாவிட்டால் எப்படி? மற்றவர்களுக்கு அது புகை. எனக்கு அது பஸ்.

சிரிக்காதீர்கள். யுத்த காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய பஸ்கள் கரியில்தான் ஓடின. பெட்ரோல் கிடைக்காது. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளையைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி, ஒருவர் கைச்சக்கரத்தைச் சுற்று சுற்றென்று சுற்றுவார். வண்டிக்கு உயிர் வருவதற்குள் பிரயாணிகள் ஒருவருக்கொருவர் சம்பந்தம் பேசி முடித்துவிடலாம். மேட்டில் ஏறாது. இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு வண்டியையும் தள்ளிய தலைமுறை நாங்கள்.

அந்தக் கரி வாடையோடு என் மேல் இன்னொரு வாடையும் வீசும். அப்போது நான் சங்கு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் சின்னக் குமாஸ்தா. தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்கள் முத்துக் குளிப்பதைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்த வருஷங்களில் கடலில் முத்துச் சிப்பியே இல்லை. குளிக்கிறவர்கள் எடுத்து வந்ததெல்லாம் சங்குதான். அதன் சதை அழுகிக் கழன்று விழுகிற வரைக்கும் குவித்துப் போட்டிருப்பார்கள். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அந்த நாற்றம் சட்டையை விடாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே வரும். அதில் உட்காருகிற ஒரே ஆள் என் அக்கா.

கனியக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அத்தை மகனுக்கே கட்டிக் கொடுத்திருந்தது. அத்தானுக்கு ரங்கூனில் கடை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், தேக்குப் பெட்டியும் குடையுமாக. அக்கா மாமியார் வீட்டில் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருப்பாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் ஊரைத் தாண்டியதில்லை. ரங்கூனில் குண்டு விழுந்தது. கடுதாசி நின்றுபோனது. அங்கிருந்து காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தவர்களிடமெல்லாம் போய் விசாரித்தோம். யாரும் அத்தானைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

அத்தைதான் முதலில் சொன்னாள். "ஏளா, திருச்செந்தூருக்கு நேந்துக்க. தம்பியக் கூட்டிட்டுப் போயிட்டு வா."

பாளையங்கோட்டைச் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு ஓடைப் பாலம் உண்டு. கல்லால் கட்டிய சின்னப் பாலம்தான். அதுவரை ஊர், அதற்கு அப்பால் வெளியூர் என்று எங்களுக்குக் கணக்கு. திருநெல்வேலி போய் ரயிலேறலாம் என்று அந்தப் பக்கமாகப் போனோம். வண்டி அந்தப் பாலத்தில் தடக்கென்று ஏறி இறங்கியபோது அக்கா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு சிரிப்பு முகத்தில். புருஷனைக் காணாத பெண் அப்படிச் சிரிக்கலாமா என்று எனக்கே தோன்றியது. அடுத்த நிமிஷம் அவளே அதைத் துடைத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பாருங்கள், சாமிகள் வரிசையில் நின்று அக்காவின் கனவில் வர ஆரம்பித்தார்கள். மாதம் ஒருவர். நேர்ச்சையைத் தடுக்கக் கூடாது என்று அத்தையும் விட்டுவிட்டாள். துணைக்கு நான். எனக்குக் கோயிலைவிட வழியில் கிடைக்கிற இட்லிமேல்தான் பக்தி. அக்காவோ சாமிக்கு ஐந்து நிமிஷம் என்றால் சுவருக்கு ஒரு மணி நேரம். தூணைத் தடவுவாள். தட்டிப் பார்ப்பாள். பின்பக்கத்து இருட்டில் யாரும் கும்பிடாத சிலை இருந்தால் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்பாள். "இத எந்தக் காலத்துல செஞ்சாவலே?" என்பாள். ராஜா காலத்துல என்பேன். எந்த ராஜா என்று கேட்டால் எனக்குப் பசிக்கும்.

எங்கள் ஆட்களை எல்லாக் கோயிலிலும் உள்ளே விடாத காலம் அது. சில இடங்களில் அப்போதுதான் கதவு திறந்திருந்தது, சில இடங்களில் திறக்கவில்லை. எங்கள் அப்பா தெருவில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டே போய்ச் சேர்ந்தவர். அக்கா அவ்வளவு நேரம் தூணைத் தடவியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

மணப்பாட்டுக்குப் போனோம். கடலுக்கு மேலே மணல் மேட்டில் நிற்கிற சிலுவைக் கோயில், கீழே குகை, அதற்குள் ஒரு கிணறு. கடலை ஒட்டி இருந்தும் தண்ணீர் இனிக்கும். அக்கா ஒரு போத்தலில் பிடித்து வந்து அத்தையிடம் கொடுத்தாள்.

"எந்தக் கோயில் தீர்த்தம்ளா?"

"மணப்பாடு, அத்தை."

"வேதக்கோயில் தண்ணியா?" அத்தை போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு மடக்மடக்கென்று பாதியைக் குடித்தாள். "எம்புள்ள வரணும். யாரு கொண்டாந்து விட்டா என்ன?"

கழுகுமலையில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து ஒரு கோயில் செய்திருக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். உச்சியில் அத்தனை நகாசு. கீழே வரவர வெறும் பாறை. பாதியில் விட்டுவிட்டார்கள். அங்கே உள்ளே வராதே என்று சொல்ல ஆளில்லை. அக்கா வெயிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உளிய வச்சிட்டு எங்கலே போனாவ?"

"யாருக்குத் தெரியும்?"

"வாரோம்னு சொல்லிட்டுத்தான் போயிருப்பாவ" என்றாள். அவள் ரங்கூனை நினைத்துத்தான் சொன்னாள். பொட்டலத்திலிருந்த புளியோதரையை அதற்கு மேல் என்னால் தின்ன முடியவில்லை.

அவளுடைய பெரிய ஆசை மதுரை. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணாமல் சும்மா நடக்க வேண்டும் என்பாள். அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதற்கு முன்னால் கருங்குளத்து மலைக்கோயிலுக்கு ஒரு நேர்ச்சை இருந்தது.

போய்விட்டுத் திரும்புகிறோம். உச்சிப் பொழுது. ஆதிச்சநல்லூர் பக்கம் வந்ததும் பஸ் இருமிக்கொண்டு நின்றது. கரியைக் கிளறிவிட வேண்டும், இறங்குங்கள் என்றார்கள். எல்லாரும் சாலையோரத்துப் பனைமரத்து நிழலைத் தேடினோம். அக்கா மட்டும் செம்மண் மேட்டில் ஏறிவிட்டாள். பொட்டல், சரளைக்கல், அங்கங்கே மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம். ஒரு பள்ளத்தின் ஓரத்தில் குந்தி என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெரிய தாழியின் வாய் தெரிந்தது. ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே மண்ணோடு மண்ணாகக் கறுப்பும் சிவப்புமாகச் சின்னச் சின்னக் கலயங்கள்.

"ஆள வச்சுப் பொதச்சிருக்காவலே. போற வழியில பசிக்குமேன்னு சோத்துக் கலயமும் வச்சு அனுப்பிருக்காவ பாரு" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "ரங்கூன்ல அவியளுக்கு யாரு சோறு போடுதாவளோ?"

அப்போதுதான் சாலையிலிருந்து ஒரு அம்மாள் கத்தினாள், ஓலைப்பெட்டியும் வெற்றிலை வாயுமாக எங்களோடு வந்தவள். "ஏளா! தாலி கட்டுனவ அங்கன போவலாமா? அது பரம்பு! செத்தவுக காடு! வெளிய வா!"

அக்கா எழுந்துகொண்டாள். முகம் வெளிறிப் போயிற்று. புருஷன் உயிரோடு வர வேண்டும் என்று ஊர் ஊராகச் சுற்றியவள் கடைசியில் சுடுகாட்டில் வந்து நிற்கிறாள். வா யக்கா, வண்டி கிளம்புது என்றேன். அவள் வரவில்லை. தாழியைப் பார்த்துக் கையைக் கூப்பி என்னவோ முணுமுணுத்தாள். பிறகு குனிந்தபடியே வந்து ஏறிக்கொண்டாள்.

ஓடைப் பாலம் வருகிற வரைக்கும் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே வந்ததும் சொன்னாள். "நான் ஒண்ணு நேந்துட்டேன்லே. அவிய வந்துட்டாவன்னா இந்தப் பாலத்த இனிமே தாண்ட மாட்டேன். வேற எந்த வழியாவும் ஊர விட்டுப் போவ மாட்டேன்."

"எந்தச் சாமிக்கு?"

"அங்கன இருந்தாவள்லா, அவியளுக்கு. எனக்குப் பிடிச்சதக் குடுத்தாத்தான அவியளுக்கும் மனசு எறங்கும்?"

நான் சிரித்தேன். செத்தவர்கள் பஸ் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கனவில் எந்தச் சாமியும் வரவில்லை. மதுரைக்குப் போவோம் யக்கா, அத்தான் இன்னும் வரலியே, இப்பப் போலாமே என்று நானே ஒருநாள் கேட்டேன். "இப்பப் போனா அவிய வர வேண்டாம்னு நெனைக்க மாதிரில்லா ஆயிரும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அத்தான் வந்தார். எலும்பும் தாடியுமாக வாசலில் வந்து நின்றவரைப் பார்த்துப் பிச்சைக்காரன் என்று அத்தையே உள்ளே போய்ச் சோறு எடுத்து வந்தாள். அப்புறம் எழுந்த அழுகை தெருவையே கூட்டிவிட்டது. அக்கா அழவில்லை. அவருக்குச் சோறு போட்டு, அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு சந்தோஷத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உடம்பு தேறியதும் அத்தான் அக்காவைக் கிளம்பச் சொன்னார். "காட்டுக்குள்ள காய்ச்சல்ல கிடக்கும்போது நெனச்சேன். பொழச்சா ஒன்னய எல்லா ஊருக்கும் கூட்டிட்டுப் போறேன்னு. மொதல்ல மதுரை. கடுதாசிக்குக் கடுதாசி எழுதுவியே ஆயிரங்கால் மண்டபம்னு!"

அக்கா நேர்ச்சையைச் சொன்னாள். அத்தான் முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார். பிறகு கெஞ்சினார். அத்தை எங்கள் ஊர்க் கோயில் பூசாரியிடம் இருவரையும் கூட்டிப் போனாள். நேர்ச்சையை மாற்றிக்கொள்ள வழி உண்டு. எந்தச் சாமிக்கு நேர்ந்ததோ அந்தச் சந்நிதியில் பிழை பொறுக்கச் சொல்லி வேறு ஏதாவது செலுத்திவிட்டால் போதும் என்றார் அவர்.

"எந்தச் சந்நிதிம்மா?"

"சந்நிதி இல்ல சாமி. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு."

பூசாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ அங்கனதான் போயிக் கேக்கணும்."

அங்கே போய்க் கேட்க அவள் பாலத்தைத் தாண்ட வேண்டும். தாண்டலாமா என்று கேட்பதற்கே தாண்ட வேண்டியிருந்தது.

"நான் போயிக் கேக்கேன்" என்றார் அத்தான். நானும் கூடப் போனேன். தேங்காயும் பழமும் கொண்டு போயிருந்தார். எந்தத் திசை பார்த்து உடைப்பது என்று தெரியாமல் அந்தப் பொட்டலில் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் செம்மண்ணில் விழுந்து கும்பிட்டு, அவள விட்டுருங்க என்று அழுதார். காற்று மட்டும் அடித்தது.

வீட்டுக்கு வந்து, "கேட்டுட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாவ?" என்று அக்கா கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். அத்தானால் பொய் சொல்ல முடியவில்லை.

அவ்வளவுதான். அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். இரண்டு பிள்ளைகள், நல்ல கடை. ஊரே மதுரை, ராமேஸ்வரம், கொழும்பு என்று போய்வந்தது. அக்கா ஸ்டேஷன்வரை வந்து வழியனுப்புவாள். நான் எங்கே போய் வந்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பாள். அந்தக் கல் என்ன நிறம், தொட்டால் குளிர்ந்ததா, பின்பக்கத்தில் என்ன இருந்தது? அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றே நான் கோயில்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மதுரையில் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், எவ்வளவு சுற்றளவு என்று கேட்பாளே என்று. காவல்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அக்கா போனபோது அத்தானுக்கு எண்பதை நெருங்கிய வயது. அஸ்தியை ஆற்றில் கரைக்க வாடகைக் காரில் போனோம். மஞ்சள் துணி சுற்றிய கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்சீட்டில் இருந்தார். ஓடைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். கலயத்தோடு இறங்கிப் பாலத்தின் இந்தப் பக்கத்திலேயே நின்றார்.

"மாப்ள, இவளத் தாண்டிக் கொண்டு போவலாமாடே?"

பஸ்ஸில் அன்றைக்கு அத்தனை கேலி பேசியவன் நான். இப்போது இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவரே பாலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் வந்தேம்லா. அவ வாக்கு வாக்குதான்" என்று திரும்பிக் காரில் ஏறினார். பழைய துறைமுகத்துப் பின்னால் கடலில் கரைத்தோம்.

அத்தானும் இப்போது இல்லை. அந்தப் பாலமும் இல்லை. ஓடையை மூடிச் சாலையை அகலமாக்கிவிட்டார்கள். ஊர் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. எல்லை எது என்று கேட்டால் கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. பரம்பில் மறுபடியும் தோண்டுகிறார்களாம், வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்களாம், பேப்பரில் தாழியின் படம் போட்டிருந்தான். அந்த வழியாகத் திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போது பாலம் இருந்த இடத்தில் ஒரு குலுக்கலும் இல்லை. நான்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். சங்கு வாடை என்னை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிறது. பக்கத்து சீட்டில் யார் யாரோ வந்து உட்காருகிறார்கள்.