காரணம் கேட்ட கட்டம்

எங்கள் கம்பெனி சர்வரில் வசந்தாமணி அக்காவுக்குத் தெரியாமல் ஒரு கோடு அசையாது. அஸ்தம்பட்டி ஆபீசில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு டிராயிங் போடுகிற நாங்கள் பத்துப் பேர். அந்த டிராயிங்குகளைக் கட்டிக் காக்க அக்கா ஒருத்தர். முதலாளியைவிட அவருக்குத்தான் பயப்படுவோம்.

ஒரு டிராயிங்கைத் திருத்த வேண்டுமென்றால் அதை நம் பேரில் செக்-அவுட் செய்ய வேண்டும். உடனே மற்றவர்களுக்கு அது பூட்டிக்கொள்ளும்; பார்க்கலாம், தொட முடியாது. வேலை முடிந்து செக்-இன் செய்தால்தான் பூட்டுத் திறக்கும். மறந்துபோய் வீட்டுக்குப் போனவன் பாடு திண்டாட்டம். அக்கா ஆட்டையாம்பட்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போன் போடுவார்.

"ஏனுங்க சிவக்குமாரு, ஃபைலைப் பூட்டிப்போட்டு ஊட்டுல போயி உக்காந்துட்டீங்களா?"

சிவக்குமார் நான்தான். மாமனார் வீட்டு விருந்தில் பந்தியிலிருந்து எழுந்து செக்-இன் செய்த பாவி.

பூட்டை உடைக்கும் அதிகாரமும் அக்காவிடம் இருந்தது. உடைத்தால் எடுத்தவர் செய்த திருத்தம் சர்வரில் ஏறாது. "ஒருத்தரு பாதி வேலையில இருக்கைல நாம கை வெக்கக் கூடாதுங்க" என்று பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட உடைத்ததில்லை.

கதிர்வேல் எங்களில் கெட்டிக்காரன். போன வைகாசியில் மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். புற்றுநோய், முற்றிவிட்டது என்று அவன் மனைவி மதுமதியிடம் மட்டும் சொன்னார் டாக்டர். அவள் ஆபீசுக்கே வந்து அழுதாள். "அவருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே உசுரை உட்டுருவாருங்க, சொல்லிப்போடாதீங்க." அக்கா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

காமாலை என்றே நம்பிய கதிர்வேல், வீட்டிலிருந்தபடி ஒரு டிராயிங்கைச் செக்-அவுட் செய்தான். போர் போடும்போது வண்டிமேல் நிமிர்ந்து நிற்குமே, அந்த மாஸ்ட். அது வராமல் ஷெட்டில் இரும்பு வெட்ட முடியவில்லை. முதலாளி தினமும் கத்தினார். அக்கா தினமும் கதிர்வேலுக்குப் போன் போட்டு, டிராயிங்கைப் பற்றி மூச்சு விடாமல், கஞ்சி குடித்தானா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார். இருபத்திரண்டாம் நாள் முதலாளி பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். அக்கா பூட்டை உடைத்தார்.

உடைப்பதற்குமுன் சர்வர் ஒரு கட்டத்தைக் காட்டிக் காரணம் எழுதச் சொல்லும். நானாக இருந்தால் ஒரு புள்ளியை வைத்துத் தாண்டியிருப்பேன். எழுதச் சொன்ன இடத்தில் உள்ளதை எழுதித்தான் அக்காவுக்குப் பழக்கம். 'இனி வேலைக்கு வரமாட்டார்' என்று எழுதி, அழுதுகொண்டே பட்டனை அழுத்தினார். முன்பு ஒரு தடவையாவது உடைத்திருந்தால் தெரிந்திருக்கும்: அந்தக் காரணம், டிராயிங்கை எடுத்தவருக்கு மெயிலாகப் போகும்.

கால் மணி நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. அதில் சத்தம் பெரிதாகவே வரும். பக்கத்து மேசையில் எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, மாஸ்ட் முடிஞ்சுதுங்க. போடலாம்னு பாத்தா ஏறமாட்டேங்குதுங்க." கதிர்வேல்தான். "அப்புறந்தான் மெயிலைப் பாத்தனுங்க."

"கதிரு, சாமி..." என்றார் அக்கா.

"பரவால்லீங்க. ஃபைலை அனுப்பறேன், நீங்களே போட்டுருங்க. ஒண்ணே ஒண்ணுங்க அக்கா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மதுகிட்டச் சொல்லிப்போடாதீங்க. பாவம், நாள் முழுக்க சிரிச்சுக்கிட்டே இருக்கறா."

அந்தச் சர்வரைத் தூக்கி ஏற்காடு ரோட்டில் போட்டு உடைக்கலாமா என்று வந்தது எனக்கு.

ஆடி மூன்றாம் தேதி கதிர்வேல் இறந்துபோனான். காரியமெல்லாம் முடிந்து, லேப்டாப்பை ஒப்படைக்க மதுமதி வந்தாள். இளைத்துப்போயிருந்தாள்.

"கடேசி வரைக்கும் அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க அக்கா," என்றாள். "வேலைக்குப் போகோணும், வேலைக்குப் போகோணும்னேதான் சொல்லிட்டு இருந்தாரு. அது ஒண்ணுதானுங்க எனக்கு நிம்மதி. நீங்க சொல்லாம இருந்ததுக்கு உங்களுக்குப் புண்ணியமுங்க."

"ஆமா சாமி," என்று லேப்டாப்பை வாங்கிக்கொண்ட அக்கா, அவள் படியிறங்கிப் போகும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை.