மாமாவின் நான்கறை இதயம்

இன்றைக்கும் மருத்துவர் என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நான் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். புருவம் லேசாக உயர்ந்தால் போதும், உயிலில் யாருக்கு எதை எழுதுவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். இந்த வியாதி தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பில் தொற்றியது.

தைப்பூசம் வந்த வாரம் அறிவியல் ஆசிரியை பலகையில் இதயம் வரைந்தார். நான்கு அறைகள். வலப்பக்க மேலறைக்கு வரும் அசுத்த ரத்தம் கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகி, இடப்பக்க மேலறைக்குத் திரும்புகிறது. அங்கிருந்து கீழே இறங்கியதும் இடக் கீழறை அதை உடம்பெங்கும் பீய்ச்சியடிக்கிறது. கதவுகள் ஒரு பக்கம்தான் திறக்கும். எங்கே குத்தினாலும் ரத்தம் வரும், வராவிட்டால் இதயம் நின்றுவிட்டது என்று பொருள். இந்தக் கடைசி வரி மட்டும் என் சொந்த ஆராய்ச்சி.

தைப்பூசத்தன்று மாமா காவடி எடுத்தார். சிராங்கூன் சாலைக் கோயிலில் அவர் நெஞ்சிலும் முதுகிலும் அலகு குத்தினார்கள், நாக்கிலும் ஒன்று. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"பாத்தியா, விரதம் அவ்வளவு சுத்தம்," என்றார் அப்பா பெருமையாக.

எனக்குப் புரிந்துவிட்டது. இடக் கீழறை நின்றுவிட்டது. மாமாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது, அதனால் நடந்துகொண்டிருக்கிறார். கேட்கலாம் என்றால் நாக்கில் அலகு.

ஊர்வலம் பாதி வழியில் டோபி காட் வந்ததும் பொறுக்க முடியாமல் அம்மாவின் சேலையை இழுத்தேன். "மா, மாமாக்கு ஹார்ட் நின்னு போச்சு. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

"வாயைக் கழுவு. பேசாம வேல் வேல்னு சொல்லிட்டு வா லா."

சொன்னேன். வேல் வேல், ரத்தம் வரட்டும், வேல் வேல். முருகனிடம் இப்படி வேண்டிய பக்தன் அன்று நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

ஊர்வலம் முடியும் டேங்க் ரோடு கோயிலில் அலகுகளைக் கழற்றினார்கள். கடைசி அலகு வந்தபோது மாமாவின் நெஞ்சில் சிவப்பாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

"ரத்தம் வருது மாமா, ரத்தம் வருது," என்று குதித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அவசரமாக விபூதியை அள்ளி அதன்மேல் அப்பினார். மாமா என்னைப் பார்க்கவில்லை, கோயிலில் காத்திருந்த அத்தையைப் பார்த்தார். அத்தைக்கு அப்போது ஆறு மாதம். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். காவடி யாருக்காக என்றோ, அதற்கு முன் அந்த வயிற்றில் தங்காமல் போனவற்றைப் பற்றியோ என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மாமா பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் நான் மட்டும் குதித்துக்கொண்டே இருந்தேன்.