பந்தியில் படித்த செய்தி

ஒரு நர்ஸின் வேலை போனதற்கு நான் சொன்ன பொய்தான் காரணம்.

2006இல் சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலைமை மருத்துவராக இருந்தேன். நோயாளிக்கு ஏதாவது என்றால் நர்ஸ் 'கால் புக்' என்ற நோட்டில் எழுதுவார். ஆயா அதை என் வீட்டுக்கு எடுத்து வருவார். நேரம் குறித்துக் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்புவேன். வார்டுக்கு ஒரு செல்போன் வாங்கியதும், "இனிமே நோட்டு வேணாம். போன் அடிச்சும் தொந்தரவு பண்ணாதீங்க, மெசேஜ் போதும்" என்று உத்தரவிட்டதும் நான்தான்.

"மெசேஜுல யாரு சார் கையெழுத்து போடுவாங்க?" என்று ஒரு மூத்த நர்ஸ் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். இளையவர் ஒருவர் இரண்டே நாளில் பழகி, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு முகூர்த்த நாள் மதியம், உறவினர் கல்யாணப் பந்தியில் இருந்தபோது அந்த இளைய நர்ஸிடமிருந்து செய்தி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் இருந்த ஒரு அம்மாவுக்கு பி.பி. இறங்குகிறது, உடனே வரவும். படித்தேன். ஆயா நோட்டோடு எதிரில் நின்றிருந்தால் எழுந்திருப்பேன். சட்டைப்பையில் இருப்பது கொஞ்சம் காத்திருக்கலாம் என்று தோன்றியது. பாயசமும் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போனேன். அந்த அம்மா பிழைத்தார். ஆனால் கிட்னி கெட்டுவிட்டது.

நிர்வாகம் விசாரித்தபோது, "மெசேஜ் எதுவும் வரல" என்றேன். அதற்குள் அழித்திருந்தேன். வார்டு போனோ, அனுப்பியதைச் சேமித்து வைக்காத பழைய ரகம்.

"அனுப்பினேன் சார்" என்றார் அவர். அவரைப் பார்க்காமல் இருந்தேன். மறுநாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, அவர் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கிளினிக்கில் இருப்பதாகத் தெரிந்தது. நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தோடு பஸ் ஏறினேன். அவர் நின்றபடியே படித்தார்.

"'கவனிக்கத் தவறிவிட்டேன்'னு எழுதியிருக்கீங்க. கவனிக்கலையா சார்?"

"கவனிச்சேன்."

"அப்ப அதை எழுதுங்க. போன்ல வெளையாடி வேலையத் தொலைச்சவள்னுதான் எங்க மாமியார் இன்னைக்கும் சொல்றாங்க."

ஊசிக்குக் காத்திருப்பவர்களின் பெஞ்சில் உட்கார்ந்து வேறு தாளில் எழுதினேன்: படித்தேன், போகவில்லை, அழித்தேன், பொய் சொன்னேன்.

"மாமியாருக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

கடிதம் கிடைத்ததும் நிர்வாகம் அவரைத் திரும்ப அழைத்தது. அவர் போகவில்லை. கிட்னி கெட்ட அந்த அம்மாவின் மகனிடமும் கடிதத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.