பம்பு நின்றால் விழித்துக்கொள்கிறவள்

மீன்தொட்டியின் பம்பு நின்ற அடுத்த நொடியே என் மகளுக்கு அது எப்படித் தெரிந்துவிடுகிறது? குக்கர் விசிலுக்கு அசையமாட்டாள். தெருவில் வெடி போட்டாலும் புரண்டுதான் படுப்பாள். பம்பு நின்றால் மட்டும் கண்ணைத் திறந்துவிடுவாள். டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவள் பிறப்பதற்கு முன்பே என் கணவர் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, மொட்டைமாடியில், ஒரு தொட்டி வைத்து ஜிலேபிக் கெண்டை விட்டார். தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் சின்ன பம்பு, மீன்கழிவு கலந்த தண்ணீரை மேலே ஜல்லி நிரப்பிய தட்டுக்கு ஏற்றும். அதில் கீரையும் புதினாவும் வளரும். தெளிந்த தண்ணீர் திரும்பத் தொட்டியில் விழும். அப்படி விழுவதால்தான் மீன்களுக்குக் காற்று கிடைக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறாள். மீனை வளர்க்கலாம், சமைக்கக் கூடாது என்பது கீழே இருக்கும் வீட்டுக்கார மாமியின் நிபந்தனை. அதனால் எல்லாம் நன்றாகக் கொழுத்துவிட்டன.

வாரம் ஒருமுறை பம்பைக் கழற்றிக் கழுவ வேண்டும். விழித்திருக்கும் குழந்தையோடு தொட்டி அருகே போக எனக்குப் பயம். தூங்கும்போது நிறுத்த முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் கழுவுவார். போன கோடையில் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை வேலையால் இரண்டு ஞாயிறு தவறிவிட்டது. தண்ணீர் நூலாக இறங்கியது. ஒரு மதியம் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

போன் செய்தேன். "பத்து நிமிஷ வேலைம்மா. நீயே கழுவிடேன்" என்றார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தண்ணீர் நன்றாக விழுந்த காலத்தில் எடுத்த பழைய வீடியோ ஒன்று போனில் இருந்தது. அதை ஓடவிட்டு, தூங்கும் மகளின் தலையணை அருகே வைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். மகள் அசையவில்லை. பெருமையாக இருந்தது.

பம்பைத் திறந்தால் உள்ளே கூழ் மாதிரி பாசி. உள்ளிருக்கும் சின்னச் சக்கரம் சுற்ற இடமில்லாமல் இறுகியிருந்தது. பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். வடிகட்டும் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில்தான் அலச வேண்டும், குழாய்த் தண்ணீர் பட்டால் நல்ல கிருமிகள் செத்துவிடும் என்பார் அவர். பால் புட்டியைத் தினமும் கொதிக்க வைக்கிற எனக்கு, அழுக்குத் தண்ணீரில் அலச மனம் வரவில்லை. யோசித்துக்கொண்டே நின்றபோது உள்ளே போன் அடித்தது.

அவர்தான். பம்பு கழுவியாச்சா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்.

போன் மணிக்கு மகள் எழவில்லை. ஈரக்கையோடு ஓடி அதை நிறுத்தினேன். வீடியோவும் நின்றுபோயிருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் போனதும் மகள் எழுந்து உட்கார்ந்து வீறிட்டாள்.

அழுகை கேட்டு மாமி மேலே வந்தார். "என்னடிம்மா, குழந்தை இந்த அழுகை அழறது?"

"பம்பைக் கழட்டிட்டேன் மாமி. மீனுக்கு மூச்சு முட்டுது. இவ தூங்க மாட்டேங்கறா."

"ரெண்டு பக்கமும் ஆறு இருக்கற ஊர். இவளுக்குத் தூங்க பம்புத் தண்ணி வேணுமாக்கும்."

அதுவரை தொட்டிப் பக்கமே வராத மாமி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் மக்கை எடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். சத்தம் கேட்டதும் அழுகை நின்றது.

"மாமி, மீன் தண்ணி. நீங்க குளிச்சிட்டீங்களே."

"இன்னொரு தரம் குளிச்சுக்கறேன். நீ சக்கரத்தை மாட்டு. அவா பாவம், வாயைப் பொளந்துண்டு நிக்கறா."

மகள் மக்கைத் தட்டிவிட்டாள். மாமியின் புடவை முழுக்க நனைந்தது. இருவரும் சிரித்தார்கள். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன். சரியாக மாட்டினேனா என்ற சந்தேகத்தில் சக்கரத்தை மூன்று முறை கழற்றி மாட்டினேன். பிளக்கைச் செருகியதும் தண்ணீர் முழுசாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் கீழே இறங்கின. ஒன்றுகூடச் சாகவில்லை.

இரண்டாவது பம்பு வாங்கிவிடலாம், ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும் என்கிறார் அவர். மீன்களுக்கு நல்லதுதான். ஆனால் சத்தமே நிற்காமல் போனால், பம்பு இல்லாத வீட்டில் இவள் எப்போதுதான் தூங்கப் பழகுவாள்? வாங்கலாமா, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திப் பழக்கலாமா? பழக்கலாம் என்றால், வெயில் காலத்தில் மீன்கள் எவ்வளவு நேரம் தாங்கும்? குழந்தையும் தொட்டியும் உள்ளவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.