நடந்து போனவர்களுக்கான கட்டம்

ரத்தினபாய் வண்டிகளை எண்ணிப் பிழைப்பவர். சர்வே கம்பெனி ஒன்று கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாலையோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளைக் கோடு போட்டுக் கணக்கெடுப்பார். வண்டலூரிலிருந்து பல்லாவரம் வரை அவர் எண்ணாத முனை குறைவு. அவர் எண்ணிய பல இடங்களில் பிற்பாடு சாலை அகலமானது. அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

2019-ல் அவர் வீட்டருகே இருந்த ரயில்வே கேட்டிலேயே வேலை வந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே, செல்வராணி நகருக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் நடுவில் இருந்த கேட். அங்கே மேம்பாலம் தேவையா என்று பார்க்க ஏழு நாள் கணக்கு; ரத்தினபாய்க்குக் காலை ஷிப்ட். சூப்பர்வைசர் பத்ரி படிவத்தை விளக்கினார்.

"ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பு. லாரி, பஸ், கார்னா ஒண்ணு. மாட்டுவண்டியும் ஒண்ணு. ஆட்டோ அரை. பைக் கால்."

"நடந்து போறவங்க சார்?"

"அவங்களுக்குக் கட்டம் இல்லக்கா."

"மாட்டுவண்டி இந்தப் பக்கம் வந்தே இருபது வருஷம் இருக்கும்."

"வரலன்னா பூஜ்யம் போடுங்க. கட்டத்தை ஒண்ணும் பண்ண முடியாது."

ரத்தினபாய் மாட்டுவண்டிக்கு ஏழு பூஜ்யம் போட்டார். கூடவே, யாரும் கேட்காமல், ஒரு நாற்பது பக்க நோட்டில் நடந்து போனவர்களையும் எண்ணினார். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் எல்லாமே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஏழு காலைகளில் பதினாலாயிரத்து அறுநூற்றுப் பதினொரு பேர். அதில் அவர் கணவர் ஐசக்கும் ஆறு தடவை வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தார்.

அறுபத்திரண்டு கோடியில் மேம்பாலம் வந்தது. பாதி ரயில்வே, பாதி மாநில அரசு. 2022-ல் திறந்தார்கள். மறுவாரம் கேட்டை மூடிச் சுவர் எழுப்பினார்கள். மேம்பாலம் தொள்ளாயிரம் மீட்டர் நீளம், நடைபாதை கிடையாது. ஏழு நிமிடத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஐசக் ஷேர் ஆட்டோவுக்கு மாறினார். ஒரு மாதத்தில் சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதில் நுழையப் பயந்து மேம்பாலத்தின் ஓரமாகவே பள்ளிக்கு நடந்த பக்கத்து வீட்டுப் பெண் விஷ்ணுப்ரியாவை ஒரு வேனின் கண்ணாடி இடித்து, கை முறிந்தது. பிளஸ் ஒன் அரைப்பரீட்சையை அவள் எழுதவில்லை.

கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு வந்த ரத்தினபாய், அன்று மத்தியானமே நோட்டை எடுத்துக்கொண்டு, நடந்து கடக்க ஒரு பாலம் கேட்டுப் புறப்பட்டார்.

ரயில்வே அலுவலகத்தில் மரியாதையாகப் பேசினார்கள். "கேட்டை மூடியாச்சும்மா, எங்க வேலை முடிஞ்சது. ஜனங்க கிராஸ் பண்றது ரோடு சம்பந்தப்பட்ட விஷயம்."

சாலைத் துறை அலுவலகத்திலும் மரியாதைக்குக் குறைவில்லை. "தண்டவாளத்துக்கு மேல ஒரு கம்பி போட்டாலும் அது ரயில்வே இடம்மா."

இரண்டுமே உண்மை என்பதால் ரத்தினபாய்க்குக் கோபம் வரவில்லை. மறுபடி ரயில்வே அலுவலகத்துக்குப் போனார். அப்படி ஐந்து தடவை. ஆறாவது தடவை புதிதாக மாற்றலாகி வந்திருந்த டெனிஸ் என்ற பொறியாளர் நோட்டைப் புரட்டினார்.

"இது யார் எடுத்த கணக்கு?"

"மேம்பாலம் கட்டுறதுக்குக் கணக்கு எடுத்தாங்களே சார், அவங்கதான். நான்தான்."

டெனிஸ் பழைய ஃபைலை வரவழைத்தார். ஒவ்வொரு காலைத் தாளின் அடியிலும் அதே கையெழுத்து. சிறிது நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "வண்டிக் கணக்கை நம்பி அறுபத்திரண்டு கோடி செலவு பண்ணிட்டோம். இதை நம்பாம இருக்க முடியாது," என்றார். "ஆனா புதுசா ஒரு கணக்கு வேணும்."

வேலை பத்ரியின் கம்பெனிக்கே வந்தது. பத்ரி ரத்தினபாயையே கூப்பிட்டார். இந்தத் தடவை மூன்று நாள் கணக்கு; நடப்பவர்களுக்குக் கட்டம் இருந்தது. ஆனால் கேட் இல்லை. ஓட்டை வழியாகப் போகிறவர்கள் அத்துமீறுபவர்கள்; அவர்களைச் சேர்க்கக் கூடாது என்றார் பத்ரி. ரத்தினபாய் மூன்று நாளும் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டார். குறிப்பு என்ற இடத்தில், 'சேர்க்கக் கூடாதவர்கள்: ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது' என்று எழுதினார். பத்ரி படித்துப் பார்த்தார். அந்த வரியை அடிக்கவில்லை.

அடுத்த பட்ஜெட்டில் நடைமேம்பாலம் இடம்பெற்றது. ஐசக்தான் பேப்பரில் பார்த்தார்.

"ஆயிரம் ஒதுக்கியிருக்காங்க."

"ஆயிரம் கோடியா? ஒரு நடைபாலத்துக்கா?"

"ஆயிரம் ரூபாய்."

ரத்தினபாய் டெனிஸுக்குப் போன் செய்தார். வேலை பட்டியலிலிருந்து விழுந்துவிடாமல் இருக்க அப்படி வைப்பது வழக்கம் என்று அவர் விளக்கினார். அன்றைக்கு ரத்தினபாய் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவர் அழுததாக ஐசக் சொல்கிறார். ஜலதோஷம் என்கிறார் ரத்தினபாய்.

மறு வருடம் உண்மையான பணம் வந்தது. செலவைக் குறைக்கச் சாய்தளத்தை எடுத்துவிட்டு, படிகள் மட்டும் கட்டினார்கள். நாற்பத்து நான்கு படிகள். திறந்த அன்று காலை தாம்பரத்தில் வண்டி எண்ணும் வேலைக்காகக் கிளம்பிய ரத்தினபாய், மீன் கூடையோடு கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் கண்டு நின்றார்.

"இன்னாக்கா, இம்மாம் ஒசரமா கீது?" என்றாள் அவள்.

"கால் வலிக்கும்தான். கையை முறிக்காது. ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன், வா."

இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நடுவில் இரண்டு தடவை இறக்கி வைத்தார்கள். ரத்தினபாய் அன்று வேலைக்கு அரை மணி தாமதம். அதற்குள் போன வண்டிகளை யாரும் எண்ணவில்லை.